பிளாட்பாரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்கு

போன இதழில் ஒரு வாசகர், "எங்கும் போகாமல் ஸ்டேஷனில் உட்கார்ந்து ரயிலைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறேன், இது சரியா?" என்று கேட்டிருந்தார். "ரொம்பச் சரி, நானும் அந்த ஜாதிதான்" என்று ஒரு வரியில் பதில் சொன்னேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் இதே வேலையாக நிறைய பேர் இருக்கிறார்கள் போலிருக்கிறது. ஆகவே இந்த இதழில் மாமியார் பிரச்சினை, முடி உதிர்வது எல்லாவற்றுக்கும் லீவு. முழுக்க ரயில்தான். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டதால் ஊர் மட்டும்.

குரோம்பேட்டை கல்லூரி மாணவர்: சார், எனக்கு ரயில் என்றால் பிடிக்கும், ஆனால் முறையாகப் பார்த்ததில்லை. எந்த ஸ்டேஷனில் உட்கார்ந்தால் நிறையப் பார்க்கலாம்?

தம்பி, முதலில் உங்கள் குரோம்பேட்டையிலேயே உட்காருங்கள். பீச் போகும் வண்டி, தாம்பரம், செங்கல்பட்டு போகும் வண்டி, பக்கத்துத் தடத்தில் எழும்பூரிலிருந்து தெற்கே ஓடும் எக்ஸ்பிரஸ்கள் எல்லாமே உங்கள் கண் முன்னால்தான் போகின்றன. நிற்காமல் போகிற வண்டியைப் பார்ப்பதில் ஒரு சுகம் உண்டு, அதற்கு நிறுத்தம் இல்லாத ஸ்டேஷன்தான் வேண்டும்.

அது பழகிய பிறகு இரண்டு இடம் சொல்கிறேன். ஒன்று, பேசின் பிரிட்ஜ். சென்ட்ரலுக்குள் போகிற, வருகிற எல்லா வண்டியும் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும், கும்மிடிப்பூண்டிப் பக்கமும் அரக்கோணம் பக்கமும் அங்கேதான் பிரிகின்றன. தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவதால் எல்லாமே மெதுவாக ஊர்ந்து வரும், இன்ஜின் நம்பரை நிதானமாகப் படிக்கலாம். பக்கத்திலேயே பெட்டிகளைக் கழுவி, தண்ணீர் பிடித்து அனுப்பும் யார்டு. பக்கிங்ஹாம் கால்வாய் வாடைக்குக் கொஞ்சம் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள், அவ்வளவுதான். இன்னொன்று பெரம்பூர். மேற்கே போகிற எக்ஸ்பிரஸ்களில் பல அங்கே நிற்கும். அதற்கு அடுத்த இரண்டு நிறுத்தங்களின் பெயரே பெரம்பூர் கேரேஜ் வொர்க்ஸ், பெரம்பூர் லோகோ வொர்க்ஸ் என்றால் அந்தப் பகுதி எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம். 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப் அங்கேதான், 2018இல் முதல் வந்தே பாரத் ரயில் உருண்டு வந்ததும் அங்கிருந்துதான். அதிர்ஷ்டம் இருந்தால் பெயின்ட் வாசனை போகாத புதுப் பெட்டிகளை ஒரு கிழட்டு இன்ஜின் இழுத்துக்கொண்டு போவதைப் பார்க்கலாம்.

மாம்பலம் மட்டும் வேண்டாம். அங்கே ரயில் தெரியாது, தலைகள்தான் தெரியும்.

சேலையூர் தாய்: என் பையனுக்கு ஏழு வயது. பார்க், பீச் எதற்கும் வர மாட்டான், "தாம்பரம் ஸ்டேஷன் போகலாம்மா" என்று ஒரே அடம். வண்டிக்குப் பின்னால் வண்டியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். இதை எப்படி மாற்றுவது? பயமாகவும் இருக்கிறது.

எதற்கு மாற்ற வேண்டும் அம்மா? ஏழு வயதில் ஒரு விஷயத்தை உட்கார்ந்து பார்க்கிற பொறுமை வந்திருக்கிறது, அதைக் கெடுக்காதீர்கள். பயம் நியாயமானது, அதை மட்டும் கவனித்துக்கொள்வோம்.

பிளாட்பாரம் டிக்கெட் பத்து ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். காலை, மாலை ஆபீஸ் நேரத்தில் போகாதீர்கள். பதினோரு மணிக்கு மேல் மூன்று மணி வரை கூட்டம் குறைவு. பிளாட்பாரத்தின் நடுவில், மின்விசிறிக்குக் கீழே, சுவரை ஒட்டிய பெஞ்சாகப் பார்த்து உட்காருங்கள், சரிவாக இறங்கும் ஓரங்களுக்குப் போகவே வேண்டாம். மஞ்சள் கோட்டைத் தாண்டினால் அன்றைக்கு நேராக வீடு என்று ஒரு சட்டம் போட்டு, ஒரு தடவை நிஜமாகவே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அதற்கப்புறம் தாண்ட மாட்டான்.

கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுங்கள். இன்ஜின் நம்பர், வண்டியின் பெயர், எத்தனை பெட்டி, இந்த மூன்றை மட்டும் எழுதட்டும். தமிழும் கணக்கும் தானாக வரும், டியூஷன் டீச்சர் உங்களிடம் என்ன செய்தீர்கள் என்று கேட்பார். பெட்டியின் வெளியே எழுதியிருக்கும் எண்ணில் முதல் இரண்டு இலக்கம் அது செய்யப்பட்ட வருடம் என்று சொல்லிக்கொடுங்கள். 18இல் தொடங்கினால் 2018ஆம் வருடத்துப் பெட்டி. தன்னைவிட வயதில் பெரிய பெட்டி எது, சின்னது எது என்று தேட ஆரம்பிப்பான் பாருங்கள். விடுமுறையில் ஒருநாள் ஐசிஎஃப் பக்கத்தில் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள், அங்கே பழைய இன்ஜின்களைத் தொட்டே பார்க்கலாம்.

கொரட்டூர் வாசகி: ரிட்டயர் ஆன என் வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறார். கேட்டால் "வண்டி பார்க்கப் போறேன்" என்கிறார். வண்டி பார்க்கிறாரா, வேறு எதையாவது பார்க்கிறாரா?

ஒருநாள் கூடவே போய்ப் பாருங்கள். "இப்போ போன ஆலப்புழை எக்ஸ்பிரஸில் வாப்-7 இன்ஜின் போட்டிருந்தான் பார்த்தியா?" என்று அவர் ஆரம்பித்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். அதைக் கேட்டுக்கொண்டிருக்கிற தண்டனை உங்களுக்குத்தான்.

பெருங்களத்தூர் மென்பொருள் ஊழியர்: நான் போகும் எலக்ட்ரிக் டிரெயின் பல நாள் நடுவழியில் சிவப்பு சிக்னலில் நிற்கிறது. சரி, நிற்கட்டும். ஆனால் சில சமயம் சிக்னல் மாறாமலே, சிவப்பு இருக்கும்போதே மெதுவாகக் கிளம்பிவிடுகிறது! நான் கண்ணால் பார்த்தேன். இது எவ்வளவு ஆபத்து? யாரிடம் புகார் செய்வது?

புகார் வேண்டாம் சார், அது விதிப்படி நடந்தது. ஆனால் இதைக் கவனித்தீர்களே, உங்களுக்கு ஒரு டீ வாங்கித்தர வேண்டும்.

அடுத்த முறை அந்த சிக்னல் கம்பத்தைப் பாருங்கள், வெள்ளை வட்டத்தில் கறுப்பாக 'ஏ' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். ஆட்டோமேட்டிக் சிக்னல் என்று அர்த்தம். புறநகர்த் தடங்களில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே இப்படிப்பட்ட சிக்னல்களை வரிசையாக நட்டிருப்பார்கள். அவற்றை ஸ்டேஷன் மாஸ்டர் இயக்குவதில்லை, முன்னால் போகும் வண்டியே இயக்குகிறது. வண்டி ஒரு சிக்னலைத் தாண்டியதும் அது தானாகச் சிவப்பாகும், வண்டி இன்னும் தள்ளிப் போகப் போக மஞ்சள், இரட்டை மஞ்சள், அப்புறம் பச்சை. இதனால்தான் ஒரே தடத்தில் ஒரு வண்டிக்குப் பின்னால் இன்னொன்றைச் சில நிமிட இடைவெளியில் விட முடிகிறது.

சிவப்பு என்றால் முன்னால் வண்டி இருக்கலாம், அல்லது சிக்னலே பழுதாகி இருக்கலாம். பழுதுக்காக எல்லா வண்டியும் மணிக்கணக்கில் நின்றால் ஊரே நின்றுவிடும். அதனால் 'ஏ' போட்ட சிவப்பில் ஓட்டுநர் பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு, எந்த நொடியும் பிரேக் போடத் தயாராக ஊர்ந்து போகலாம் என்று விதி இருக்கிறது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள், பகலில் சரியாக அறுபது நொடி ஆனதும் ஹாரன் கேட்கும். 'ஏ' இல்லாத சிவப்பில் இந்தக் கதையெல்லாம் நடக்காது, நிற்க வேண்டியதுதான். சில ஸ்டேஷன்களின் முனையில் அந்த 'ஏ' விளக்காக இருக்கும். அது எரிந்தால் ஆட்டோமேட்டிக், அணைந்திருந்தால் ஸ்டேஷன் மாஸ்டரின் கையில்.

பட்டரவாக்கம் வாசகர்: ஓடுகிற எலக்ட்ரிக் டிரெயினில் திடீரென்று விளக்கும் ஃபேனும் நின்று, சில நொடி கழித்து மறுபடி வருகிறதே, ஏன்? ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான்.

'அதே இடத்தில்' என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. தலைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம், ஒரே துணை மின்நிலையத்திலிருந்து முழுத் தடத்துக்கும் வருவதில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு துணை மின்நிலையம், அவை வெவ்வேறு ஃபேஸிலிருந்து மின்சாரம் கொடுக்கும். இரண்டும் ஒட்டிக்கொண்டால் வெடித்துவிடும் என்பதால் நடுவில் மின்சாரமே இல்லாத சிறு துண்டு ஒன்றை விட்டிருப்பார்கள், நியூட்ரல் செக்ஷன் என்று பெயர். அது வருவதற்கு 500 மீட்டர், 250 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகைகள் இருக்கும். ஓட்டுநர் மின்சாரத்தைத் துண்டித்து, வந்த வேகத்திலேயே வண்டியை உருளவிட்டு, தாண்டியதும் மறுபடி போடுவார். அந்தத் துண்டுக்குள் வண்டி நின்றுபோனால்தான் சிக்கல், சொந்தமாகக் கிளம்ப முடியாது.

பழவந்தாங்கல் முதியவர்: 1970களில் தினமும் மீட்டர் கேஜ் எலக்ட்ரிக் டிரெயினில் கோட்டைக்கு ஆபீஸ் போனவன் நான். இப்போதைய பிள்ளைகளுக்கு அது இருந்ததே தெரியவில்லை. நாலு வார்த்தை எழுதுங்களேன்.

எழுதாமல் இருப்பேனா ஐயா. பீச்–தாம்பரம் மின்சார ரயில் 1931இல் வந்தது. சவுத் இந்தியன் ரயில்வே காலம், 1,500 வோல்ட் டிசி (நேர்) மின்சாரம். தாம்பரம் அப்போது பெரிய ஊர் இல்லை, சுற்றிலும் வயலும் ஏரியும்தான். ரயில்தான் முதலில் போனது, மாம்பலம், கோடம்பாக்கம் தொடங்கி பல்லாவரம், தாம்பரம் வரை வீடுகள் அதன் பின்னாலேயே போயின. தண்டவாளத்தை விட்டு நடக்கிற தூரத்துக்குள்தான் பழைய தெருக்கள் எல்லாம் இருக்கின்றன, வேண்டுமானால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்.

1960களில் இதை 25,000 வோல்ட் ஏசி (மாறுதிசை) மின்சாரத்துக்கு மாற்றினார்கள், கம்பி விழுப்புரம் வரை நீண்டது. இந்தியாவிலேயே மின்சாரம் போட்ட மீட்டர் கேஜ் தடம் இது ஒன்றுதான். இந்த ஒரே தடத்துக்காக யாம்-1 என்று தனி இன்ஜினே செய்தார்கள். 'ஒய்' என்றால் மீட்டர் கேஜ், 'ஏ' என்றால் ஏசி, 'எம்' என்றால் பயணிகள் வண்டி, சரக்கு வண்டி இரண்டுக்கும். 1977 சுதந்திர தினத்தன்று கிளம்பிய வைகை எக்ஸ்பிரஸும் மீட்டர் கேஜ் வண்டிதான். அந்தக் குட்டித் தண்டவாளத்தில் அவ்வளவு பெரிய பெயர் வாங்கிய பகல் வண்டி வேறு கிடையாது என்று மதுரைக்காரர்கள் இன்னும் சண்டைக்கு வருவார்கள்.

மீட்டர் கேஜ் என்றால் தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர், இப்போதைய அகலப்பாதையில் 1,676 மில்லிமீட்டர். பெட்டியும் அதற்கேற்பக் குறுகல். எதிர் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் முட்டி உங்கள் முட்டியில் இடிக்கும், அப்படியே பேச்சு ஆரம்பித்துவிடும். உங்கள் கடிதத்திலேயே அந்த சீட்டுக் கச்சேரி பற்றி எழுதியிருந்தீர்கள், இடம் இல்லாததால் வெட்டிவிட்டேன், மன்னிக்கவும். 2004 ஜூலை 1 அன்று பீச்–தாம்பரம் மீட்டர் கேஜ் கடைசியாக ஓடியது. அந்தத் தலைமுறை பெட்டிகள் நிற்கும்போது அடியில் கம்ப்ரஸர் டபடபவென்று அடித்துக்கொள்ளும், கிளம்பும்போது ஓட்டுநர் வேகத்தைக் கூட்டும் ஒவ்வொரு படிக்கும் ஒரு உதறு. இன்றைய த்ரீ ஃபேஸ் மோட்டார் வண்டிகள் உதறாமல் ஒரு இழுப்பாகச் சுதி ஏற்றிக்கொண்டு போகின்றன. கண்ணை மூடிக்கொண்டே எந்தத் தலைமுறை வண்டி என்று சொல்லலாம், முயன்று பாருங்கள்.

அரக்கோணம் வாசகர்: ஒரு ஸ்டேஷனில் கேமராவோடு நின்றபோது ஒரு காவலர் வந்து விரட்டிவிட்டார். கையில் பிளாட்பாரம் டிக்கெட் இருந்தது. நான் என்ன தப்பு செய்தேன்?

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கேமரா, நீள லென்ஸ், ஸ்டாண்டு, முதுகில் பை, பிளாட்பாரத்தின் கடைசி முனை. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் என்னவென்று கேட்டிருப்பேன். கேட்பது அவர் வேலை, விரட்டிய தோரணை சரியில்லை என்றால் அது வேறு விஷயம்.

ஸ்டாண்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் நேராக ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போய், "சார், எனக்கு ரயில் பைத்தியம், ஒரு மணி நேரம் படம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம், விட்டுவிடுங்கள். சரி என்று சொல்கிறவர்களில் சிலர் அடுத்து என்ன வண்டி எந்த லைனில் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள், அந்தத் தகவல் எந்த ஆப்பிலும் கிடைக்காது. காவலரிடம் வாக்குவாதம் செய்து ஜெயித்து என்ன ஆகப்போகிறது, வண்டி போய்விடும்.

இதைச் சாக்காக வைத்து இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தண்டவாளத்தில் இறங்கிப் படம் எடுப்பது ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தை விடுங்கள். மேலே போகும் 25,000 வோல்ட் கம்பியைத் தொடவே வேண்டியதில்லை, பக்கத்தில் போனாலே இழுத்துவிடும். நிற்கிற சரக்கு வேகன் மேல் ஏறி செல்ஃபி எடுக்கிற பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர்கள் மேஜையில் ஒட்டுங்கள்.

ஆவடி பத்தாம் வகுப்பு மாணவன்: அங்கிள், வண்டி எண்ணை வைத்து என்ன வண்டி என்று கண்டுபிடிக்கலாம் என்று நண்பன் சொன்னான். அவன் 'ஆஃப்லிங்க்' என்று வேறு ஏதோ பேசுகிறான். புரியவில்லை.

நல்ல நண்பன், விட்டுவிடாதே. 2010 டிசம்பரிலிருந்து எல்லா வண்டிக்கும் ஐந்து இலக்க எண். முதல் இலக்கத்தைப் பார். 1, 2 என்றால் தொலைதூர வண்டி. 0 ஸ்பெஷல். 3 கொல்கத்தா புறநகர், 9 மும்பை புறநகர், நம் சென்னை லோக்கல் வண்டிக்கெல்லாம் 4. பாசஞ்சருக்கு 5, மின்சாரத்தில் ஓடும் குறுந்தூர வண்டியான மெமுவுக்கு 6, அதே மாதிரி டீசலில் ஓடும் டெமுவுக்கு 7.

இன்ஜினுக்குத் தனி எண், தனி வகை. வாப்-7 என்றால் டபிள்யூ அகலப்பாதை, ஏ ஏசி மின்சாரம், பி பயணிகள் வண்டி, ஏழாவது ரகம். பி இருக்கும் இடத்தில் ஜி இருந்தால் சரக்கு. வாப்-4 இன்ஜின்களில் பெரும்பாலானவற்றின் எண் 22இல் ஆரம்பிக்கும், வாப்-7இல் பலவற்றுக்கு 30. இன்ஜினின் பக்கவாட்டில் எந்த ஷெட் என்று எழுதியிருக்கும், ராயபுரம், ஈரோடு, அரக்கோணம் இப்படி. அந்த ஷெட்தான் அதன் வீடு, ரிப்பேர், பராமரிப்பு எல்லாம் அங்கே.

ஒவ்வொரு எக்ஸ்பிரஸுக்கும் வழக்கமாக இந்த ஷெட் இன்ஜின்தான் என்று ஒரு ஏற்பாடு இருக்கும், அதற்குப் பெயர் லிங்க். ஈரோடு இன்ஜின் வர வேண்டிய வண்டிக்கு வடக்கே எங்கோ இருக்கிற ஷெட்டின் இன்ஜின் வந்து நின்றால் அது ஆஃப்லிங்க். உன் நண்பன் அன்றைக்கு சாப்பிடக்கூட வர மாட்டான். எண்களை மனப்பாடம் செய்யாதே, நோட்டில் எழுது, ஒரு வருடம் கழித்துப் புரட்டினால் எந்த இன்ஜின் திரும்பத் திரும்ப வந்தது என்று தெரியும். சரக்கு வண்டியையும் விடாதே. ஜன்னல்களை அடைத்துத் தகரம் போட்ட பழைய பயணிகள் பெட்டிகள் மாதிரி ஒரு வரிசை போனால் அது என்எம்ஜி, உள்ளே புத்தம் புதுக் கார்கள். வயதான பயணிகள் பெட்டிகளைத்தான் அப்படி மாற்றிவிடுகிறார்கள், வாலாஜாபாத்தில் காரை ஏற்றி வடக்கே அனுப்புவார்கள்.

பரீட்சை முடிந்த பிறகு போ.

மீஞ்சூர் வாசகர்: எங்கள் ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் நிற்காமல் போகும்போது பிளாட்பாரமே ஆடுகிறது. அப்போது பச்சைக்கொடி பிடித்து ஒருவர் நிற்கிறாரே, யாருக்கு?

சென்னை–கூடூர் தடத்தில் 2022இல் வேகத்தை மணிக்கு 130 கிலோமீட்டராக உயர்த்தினார்கள். ஒரு நொடிக்கு 36 மீட்டர். எல்எச்பி என்ற புது ரகப் பெட்டி இருபத்திரண்டோடு வருகிற வண்டி அரை கிலோமீட்டருக்கும் மேல் நீளம், உங்களைத் தாண்டிப் போக அதற்குப் பதினைந்து நொடி போதும். வண்டி தூரத்தில் தெரியும்போது இன்னும் நேரம் இருக்கிறது என்று தோன்றும், அந்தத் தோற்றத்தை நம்பித்தான் பலர் லைனைத் தாண்டுகிறார்கள். முதலில் தண்டவாளம் சன்னமாகக் கீச்சிடும், அப்புறம் ஹாரன், அப்புறம் காற்று, தூசி, காகிதக் கப் எல்லாம் சேர்ந்து எழும்பும். தூணுக்குப் பின்னால் நின்று பாருங்கள்.

அந்தக் கொடிக்காரரைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி, யாருமே கேட்பதில்லை. அவர் கொடியை ஆட்டுவதில்லை, கையை நீட்டி அசையாமல் பிடித்திருப்பார், கவனித்தீர்களா? "எல்லாம் சரி" என்று அர்த்தம். அவருடைய கண் கொடியில் இருக்காது, சக்கரங்களில் இருக்கும். அச்சு சூடாகிப் புகைகிறதா, எதுவும் தொங்குகிறதா, கதவு திறந்து கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார், பெட்டி பெட்டியாகத் தலை மட்டும் திரும்பும். இன்ஜினிலிருந்து ஓட்டுநரும் கடைசிப் பெட்டியிலிருந்து கார்டும் பதிலுக்குப் பச்சை காட்டுவார்கள் (கார்டுக்கு 2022 முதல் டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், என் வாயில் இன்னும் கார்டுதான் வருகிறது). கடைசிப் பெட்டியின் முதுகில் பெரிய பெருக்கல் குறியும் 'எல்வி' (லாஸ்ட் வெஹிகிள், அதாவது கடைசிப் பெட்டி) பலகையும் இருந்தால் வண்டி முழுசாக வந்துவிட்டது, நடுவில் எதுவும் கழன்று நிற்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவர் கொடியைச் சுருட்டுவார். வெயில் நாளில் பழைய ஸ்டேஷன் ஒன்றில் நின்று இந்த வேலையை முழுசாகப் பாருங்கள், வண்டியைப் பார்ப்பதைவிட சுவாரசியமாக இருக்கும்.

நங்கநல்லூர் வாசகி: எனக்கும் போய் உட்கார ஆசைதான். ஆண்கள் உட்கார்ந்தால் "ரயில் ரசிகர்", பெண் தனியாக உட்கார்ந்தால் "யாருக்காகக் காத்திருக்கிறாள்?" என்று பார்க்கிறார்கள்.

உண்மை. இதற்கு என்னிடம் மந்திரம் இல்லை, பார்க்கிறவர்கள் திருந்த வேண்டிய விஷயம். எனக்குத் தெரிந்த ஒரு டீச்சரம்மா பரீட்சைப் பேப்பர் திருத்துவது போல ஒரு பேப்பர்க் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார், உள்ளே லோகோ நம்பர் நோட்டு. அதெல்லாம் தேவையே இல்லாத காலம் வர வேண்டும், வரும் வரை மகளிர் பெட்டி வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் பெஞ்ச் நல்லது, எப்போதும் நாலு பெண்கள் அங்கே இருப்பார்கள். யாராவது தொந்தரவு செய்தால் 139க்கு அடியுங்கள், தயங்க வேண்டாம்.

இரவு எட்டு மணிக்கு மேல் தாம்பரத்துக்கு ஒருமுறை வாருங்கள், வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு. நெல்லை, பொதிகை, பாண்டியன், ராக்ஃபோர்ட் என்று தெற்கே போகிற வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" ஆரம்பித்ததும் பிளாட்பாரத்தில் பாதிப் பேர் எழுந்து ஓடுவார்கள், எஸ்-6 எங்கே நிற்கும் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே எதிரெதிர்த் திசையில் ஓடுவார்கள். ஒரு பாட்டி தூக்குவாளியோடு, ஒரு புது மாப்பிள்ளை ஐந்து பையோடு, அவனை வழியனுப்ப வந்த பதினோரு பேர். இரண்டு நிமிடத்தில் மொத்தமும் காலியாகி, தரையில் ஒரு குழந்தைச் செருப்பு மட்டும் கிடக்கும். அடுத்த வண்டிக்கு மறுபடி நிரம்பும். சீரியல் எல்லாம் எதற்கு?

மறைமலைநகர் வாசகர்: ஏசி எலக்ட்ரிக் டிரெயின் வந்துவிட்டதே, இனி பழைய வண்டிகளின் அழகு போய்விடுமா?

2025 ஏப்ரல் 19இல் பீச்–செங்கல்பட்டு ஏசி வண்டி ஓடத் தொடங்கியபோது எனக்கும் இப்படி ஒரு முனகல் வந்தது. பன்னிரண்டு பெட்டி, தானாக மூடும் கதவு. அப்புறம் யோசித்தால், படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போய்க் கம்பத்தில் அடிபட்டவர்களின் வீட்டாரிடம் அந்த 'அழகை'ப் பற்றிப் பேச முடியுமா? கதவு மூடட்டும். பார்க்கிறவர்களுக்கு ஒரு வண்டி கூடியிருக்கிறது, ஒலியும் புதுசு.

திருநின்றவூர் வாசகர்: ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று போட்டிருப்பது ஓட்டுநருக்காகவா?

அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஓட்டுநருக்கு மேடு பள்ளம் சொல்ல, தண்டவாளத்தின் ஓரத்தில் சின்னதாகக் கிரேடியன்ட் கம்பங்கள் தனியாக இருக்கின்றன. பலகையில் இருப்பது தடத்தை அளந்து போட்ட காலத்து வழக்கம். நமக்கு அது ஒரு விளையாட்டு. பீச்சில் ஏறி செங்கல்பட்டு வரை பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள், தட்டை என்று நினைத்த நிலம் மெல்ல ஏறுவது தெரியும்.

மதுரை வாசகர்: எங்கள் ஊரில் லோக்கல் டிரெயினே கிடையாது. உங்கள் பதில்களைப் படித்து வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

உங்களுக்கு எரிச்சல் எதற்கு? எங்களைப் பார்த்து வைகை கையசைத்துவிட்டுப் போகிறது, உங்கள் ஊரில்தான் வந்து தூங்குகிறது. விடிகாலையில் கூடல் நகர் பக்கம் போய் நின்று, சென்னையிலிருந்து வரும் ராத்திரி வண்டிகளை வரிசையாகப் பார்த்துவிட்டு, எந்த இன்ஜின் என்று எனக்கு எழுதுங்கள். தாம்பரத்தில் நான் பார்த்த நம்பரோடு ஒப்பிட்டுக்கொள்கிறேன்.